உட்பொருளைச் சொல்லிக் கொடுக்கலாமா?

ரே பிராட்பரி 1953-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' என்னும் நாவல் அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் பாடமாக இருந்து வருகிறது. புஸ்தகம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட ஒரு வருங்காலத்தை அது வர்ணிக்கிறது. அங்கே தீயணைக்கும் படையினரின் உத்தியோகம், புஸ்தகங்களுக்குத் தீ வைப்பது. அவர்களில் ஒருவனான மாண்டாக், எரிக்க வேண்டிய புஸ்தகங்களை ஒளித்து வைத்துப் படிக்கத் தொடங்குகிறான். இத்தகைய நூலின் உட்பொருளை மாணாக்கருக்கு எவ்விதம் போதிப்பது என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

வழக்கமான முறை எளிது. தணிக்கை, யந்திர மோகம், அறியாமை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேற்கோள் காட்டச் சொல்வது. கடைகளில் விற்கும் குறிப்புப் புஸ்தகங்கள் அந்தச் சிரமத்தையும் உபாத்தியாயருக்கு மிச்சப்படுத்துகின்றன. பரீட்சைக்கு இது போதும். ஆயினும், சொல்லிக் கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்கமாட்டான் என்பதை வக்கீல்கள் அறிவார்கள்.

மாண்டாக்கின் மேலதிகாரி பீட்டி நாவலின் முதற்பகுதியில் ஒரு நீண்ட பிரசங்கம் செய்கிறான். புஸ்தகத்தை முதலில் ஒழித்தது சர்க்கார் அன்று என்பது அவன் வாதம். ஜனங்களுக்கு அவகாசமில்லை, ஆகவே பெருநூல்களைச் சுருக்கினார்கள், சுருக்கத்தையும் சுருக்கினார்கள். எவர் மனமும் நோகலாகாதென்று இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டினார்கள். நெருப்பு பிறகுதான் வந்தது. இந்த நாவலையே ஒரு பக்கச் சுருக்கமாக்கி மாணாக்கர் கையில் கொடுப்பவர், தாம் பீட்டியின் கட்சியில் சேர்ந்துவிட்டதை உணர்வாரா?

நாவலுக்கு வெளியிலும் இது நடந்தது. 1967-இல் பாடசாலைகளுக்கென்று ஒரு பதிப்பு வந்தது. அதில் 75 இடங்களில் கை வைத்திருந்தார்கள். வசைச் சொற்கள் மறைந்தன. குடிகாரன் ஒருவன் நோயாளியானான். 1973 முதல் 1979 வரை கடைகளில் விற்றதும் இந்த வெட்டுப்பட்ட பிரதியே. ஆசிரியருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த விபரீதத்தைத் தமக்கு எழுதி அறிவித்தவர்கள் மாணாக்கர்களே என்று பிராட்பரி பின்னர் எழுதினார். அவ்விரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'வெட்டியவர் யார், யாருக்கு அஞ்சி வெட்டினார்?' என்று கேட்கும் உபாத்தியாயருக்குக் கரும்பலகையே வேண்டாம்.

ஆசிரியர் சொன்னதையே உட்பொருளாகக் கொள்ளலாமே என்பாருண்டு. அவரோ, சர்க்கார் தணிக்கையைப் பற்றியதன்று இந்நூல், டெலிவிஷன் படிப்பைக் கெடுப்பதைப் பற்றியது என்று 2007-இல் ஒரு பத்திரிகைக்குக் கூறினார். அதற்கு வெகு காலம் முன்பு, அமெரிக்காவில் புஸ்தக எரிப்பு நேருமோ என்ற அச்சத்தையே காரணமாகச் சொல்லியிருந்தார். கிரந்தகர்த்தாவின் வாக்குமூலமும் ஒரு சாட்சியமே, தீர்ப்பன்று. மூன்று சுவர்களில் டெலிவிஷன் இருந்தும் நான்காவது கேட்கும் மாண்டாக்கின் மனைவி ஒரு பக்கம். தன் புஸ்தகங்களோடு தானும் எரிந்து போகும் கிழவி ஒரு பக்கம். எது கனம் என்பதை மாணாக்கர் நிறுத்துப் பார்க்கட்டும்.

காலம் போதாது என்பார்க்கு நாம் சொல்வது சிறிது. தீ வைக்கும் படையை 1790-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஸ்தாபித்தார் என்று மாண்டாக்கின் படையினரது விதிப்புஸ்தகம் கூறுகிறது. இது மெய்யா என்று புஸ்தகசாலைக்குப் போய்ப் பார்த்துவரும்படி மாணாக்கரை அனுப்பலாம். பிராங்க்ளின் 1731-இல் பிலடெல்பியாவில் ஒரு புஸ்தகசாலையையும், 1736-இல் ஒரு தீயணைப்புச் சங்கத்தையும் ஏற்படுத்தினார் என்பதையும், 1790 அவர் இறந்த வருஷம் என்பதையும் அவர்கள் கண்டுகொண்டு திரும்பும் வரையில் உபாத்தியாயர் வாய் திறவாதிருக்க வேண்டும்.