விற்ற வண்டியும் விற்காத உண்மையும்



நம் மெல்பேர்ன் சபையின் இளம் சகோதரர் ஒருவர் தமது மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை விற்றுவிட்டார். ஆராதனை முடிந்து அது புறப்படும் ஓசைக்கு முகஞ்சுளித்தவர்கள் உங்களில் பலர், நானும் சுளித்திருக்கிறேன். அவருக்கு முதற்குழந்தை பிறக்கவிருக்கிறது. அந்த வண்டியிலோ குடும்பத்துக்கு இடமில்லை. விற்கப்போவதாக அவர் சொன்ன ஞாயிறன்றே அவரைச் சூழ்ந்துகொண்டு, விக்கிரகம் விழுந்தது என்று ஸ்தோத்திரம் செலுத்தினீர்கள். சாட்சி சொல்ல வாரும் என்று அழைத்தவன் நானே. அவர் மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்பதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

விக்கிரகம் என்ற சொல்லை நாம் எத்தனை எளிதாக வீசுகிறோம்! அவருடைய கொட்டகையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வண்டி என்னவென்று எனக்கு விளங்கியது. அதன் இஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவான இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் 654 சிசி. ஹிரோஷிமாவில் கெனிச்சி யாமமோட்டோ என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் 1960களில் இதனோடு போராடியபோது, ரோட்டர் முனைகளிலிருந்த அடைப்புப் பட்டைகள் அறையின் உட்சுவரைக் கீறிக்கொண்டே இருந்தனவாம். அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பிசாசின் நகக்கீறல். 1967இல் அந்த இஞ்சினோடு காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 1991இல் லெ மான் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய வண்டியும் ரோட்டரி இஞ்சின் கொண்டதே. நம் சகோதரர் எட்டு ஆண்டுகளாக, சம்பளத்தில் மிச்சம்பிடித்து, இரட்டை டர்போவைக் கழற்றி ஒற்றை டர்போ பொருத்தி, அதற்குரிய பொறியாளர் சான்றையும் முறைப்படி பெற்று, தம் கையாலேயே அதைப் பேணி வந்தார். பொறுமையையும் கவனத்தையும் அவர் கற்றது பெரும்பாலும் அந்தக் கொட்டகையில்தான். என் பிரசங்கங்களில் அன்று என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வெறும் இரும்புதானே என்று ஒரு மூப்பர் அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்த மூப்பரின் வீட்டுக் கூடத்தில் அவர் தகப்பனாரின் மரநாற்காலி இருக்கிறது. அதில் எவரையும் உட்கார விடமாட்டார். வெறும் மரந்தானே என்று நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

ஆனால் என் கோபம் இதைப் பற்றியதன்று. வண்டிக்கு ஒரு குறை இருந்தது. ரோட்டரி இஞ்சினின் அழுத்தத்தை அதற்கென்றே உள்ள கருவியால் சோதிப்பார்கள். இரண்டு ரோட்டர்களுக்கும் மும்மூன்று பக்கங்கள், ஆக ஆறு அளவுகள். விற்பதற்குமுன் அவர் சோதித்தபோது அடுத்தடுத்த இரண்டு அளவுகள் தாழ்ந்திருந்தன. அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புப் பட்டை தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்தத் தேய்மானம் குளிர்ந்த நிலையில் எளிதில் வெளிப்படாது. நன்றாக ஓடிச் சூடேறிய பின் நிறுத்தி, மறுபடி கிளப்பும்போதுதான் இஞ்சின் திணறும். ஆகவே மறைப்பது மிக எளிது. காலையில் வண்டியைக் குளிரக் காட்டினால் போதும். விக்டோரியாவில் பதிவோடு விற்கத் தேவையான ரோட்வொர்தி சான்றிதழும் அவரிடம் இருந்தது. ஆனால் அது பிரேக், டயர் போன்ற பாதுகாப்பைப் பார்ப்பதேயன்றி இஞ்சினின் ஆயுளைப் பார்ப்பதன்று.

இதை அவர் நம்மவர் மூவரிடம் சொல்லி ஆலோசனை கேட்டிருக்கிறார். மூவரும் சொன்னது ஒன்றே: நீயாகச் சொல்லாதே, அவன் கேட்டால் பார்த்துக்கொள். ஒருவர் ஒருபடி மேலே போய், சான்றிதழைக் காட்டிப் பேச்சை முடித்துவிடச் சொன்னாராம். விக்கிரகம் விழுந்ததென்று ஸ்தோத்திரம் செய்த அதே நாவுகள்! கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகள் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். தராசு என்றதும் மளிகைக்கடைக்காரரை நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். வண்டி, வீடு, நிலம் என்று வரும்போது அது சாமர்த்தியமாகிவிடுகிறது. நல்ல விலை கிடைத்தால் ஆசீர்வாதம் என்றும் பெயர் சூட்டுகிறோம். அந்த ஆசீர்வாதத்துக்கு நான் எத்தனை வீடுகளில் ஜெபித்திருக்கிறேன்! விலை எப்படி வந்தது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இயேசுவிடம் துக்கத்தோடு திரும்பிப்போன ஐசுவரியமுள்ள அந்த மனிதனைப் பற்றி நாம் ஓயாமல் பிரசங்கிக்கிறோம். ஒருவேளை அவன் கீழ்ப்படிந்து எல்லாவற்றையும் விற்றிருந்தால்? கிணறு வற்றிய நிலத்தை, வற்றியதென்று சொல்லி விற்றிருப்பானா? தரித்திரருக்குத்தானே கொடுக்கப்போகிறேன் என்று வாய்மூடி இருந்திருப்பானா?

வாங்க வந்தவர் இருபத்துமூன்று வயது இளைஞர், விசுவாசி அல்லர். நம் சகோதரர் அவரை வண்டியில் ஏற்றி அரைமணி நேரம் ஓட்டிச் சென்று, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, சாவியை அவர் கையில் கொடுத்து, இப்போது நீங்களே கிளப்பிப் பாருங்கள் என்றார். இஞ்சின் நெடுநேரம் திணறியே கிளம்பியது. பிறகு ஆறு அளவுகளும் எழுதிய தாளைக் கொடுத்து, இஞ்சினைத் திறக்கவேண்டி வரும் என்பதையும் சொன்னார். இளைஞர் அன்று போய்விட்டார். நான்கு நாள் கழித்து வந்து, 9,000 டாலர் குறைத்துக் கேட்டார். சகோதரர் சம்மதித்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் போய் அழுதாராம்.

ஆலோசனை கூறிய மூவரும் இதை வாசிப்பீர்கள். அந்த 9,000 டாலர் பிரசவச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் என்று அவர் ஒதுக்கியிருந்த பணம். இனி சாட்சி சொல்லும்படி அவரை வற்புறுத்தாதீர்கள். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள், நானும் வருகிறேன்.