இரண்டு மணிக்கு அடுப்பை யார் மூட்டுவது?

எமது தோட்டங்களில் ஆண்களின் வேலை பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. கவ்வாத்தோ, கான் வெட்டோ, கணக்கு முடிந்தால் வீடு. கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு ஏறிவர ஐந்து மணியாகும். இடையிலுள்ள மூன்று மணி நேரத்தில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது? காலையில் சுட்ட ரொட்டி மிஞ்சியிருந்தால் அது. இல்லாவிட்டால் கடை பிஸ்கட்டும் சாயத்தண்ணியும். அப்பா இஸ்தோப்பில்தான் இருப்பார்.

சகோதரர்கள் சிலர் கோபிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

2016இல் அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. "நம்ம ஆளுங்களே கட்டைதானே" என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். இதைப் பரம்பரை என்று தள்ளிவிட முடியாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போதும், பிறந்து முதல் இரண்டு வருடத்திலும் சாப்பாடு போதாமல், அடிக்கடி வயிற்றோட்டமும் வந்தால் பிள்ளை இப்படித்தான் வளரும். அந்த வயதில் விட்ட உயரத்தைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

சம்பளம் போதாது என்பதை இந்தப் பத்திரிகையில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முட்டை விலை தெரியாமல் சத்துணவு பற்றிப் பேசிவிட்டுப் போகும் ஐயாமார் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அதே சம்பளத்தில் ஆக்கிய பருப்புக் கறி யார் தட்டில் முதலில் விழுகிறது? கர்ப்பிணி கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற வீடுகள் இன்னும் எத்தனை? கிளினிக்கில் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் கொடுக்கும் திரிபோஷாவை வீடே உருண்டை பிடித்துத் தின்றால் அவர்களுக்கு மிஞ்சுவது பொட்டலம்தான். வீட்டுத் தோட்டத்து கரட்டையும் லீக்ஸையும் லொறிக்கு ஏற்றுகிறோம். ஒரு பிடியாவது நம் சட்டிக்கு வரட்டும்.

ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. தாய்ப்பாலோடு நாளைக்கு மூன்று, நான்கு தடவை சாப்பாடு வேண்டும். விடியப் பெரட்டுக்கு ஓடி இருட்டும்போது வரும் தாயால் எத்தனை தடவை ஊட்ட முடியும்? இரண்டு மணிக்கு வரும் தகப்பன் பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிவந்து ஒரு தடவை ஊட்டட்டும். பெரிய சமையல் வேண்டாம். குழைந்த சோறு, பருப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், வறுத்து இடித்த நெத்தலித் தூள், கிடைத்தால் வல்லாரை. அதோடு சாயத்தண்ணி கொடுக்காதீர்கள். நாம் எடுக்கும் கொழுந்துதான், ஆனாலும் சொல்கிறேன்: பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது.

சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் இரண்டு தடவை பாலூட்டும் நேரம் கொடுக்க வேண்டும் என்பது மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும் என்று பயந்து எத்தனை பேர் மலையை விட்டு இறங்காமலே இருக்கிறார்கள்? நானும் என் மூத்தவனுக்கு அப்படித்தான் பால் மறக்கடித்தேன். அடுத்த தோட்டக் கமிட்டியில் தலைவர்மார் இதைக் கேட்க வேண்டும். பாலூட்டும் தாயின் கிலோவை அந்த நேரத்துக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடும்படி துரையிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

என் மருமகன் போன வருடம் பிள்ளையைத் தூக்கிவரப் போனபோது, பொம்பிளை வேலை பார்க்கிறான் என்று லயமே சிரித்தது. இப்போது அதே லயத்தில் இன்னும் இரண்டு பேர் அந்த நேரத்துக்கு இறங்கிப் போகிறார்கள். அதில் ஒருவருக்கு இன்னும் சோறு குழைய வேகவைக்கத் தெரியாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து நான்தான் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன்.