எட்டாம் வகுப்பு அறிவியலில் நாம் இழக்கும் 48,000 ரூபாய்

மதுரை நெல்பேட்டையிலோ காஜிமார் தெருவிலோ, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம், "என்எம்எம்எஸ் தேர்வுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது என்ன தேர்வு?" என்ற மறுகேள்வி வருவதற்கே வாய்ப்பு அதிகம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட் ஆகியவற்றைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு இருக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்பு அறிவியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "எப்படியும் பாஸ்தானே" என்ற எண்ணம்தான் காரணம்.

அந்த எண்ணம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பைத் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

தேர்வு என்ன, யாருக்கு?

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் 2008ஆம் ஆண்டு ஒன்றிய அரசால் தொடங்கப்பட்டது. இதைத்தான் சுருக்கமாக என்எம்எம்எஸ் என்கிறோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் ஏழைப் பிள்ளைகளை, பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் இருக்கச் செய்வதே இதன் நோக்கம். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கிடைக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

தேர்வாகும் மாணவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் வழங்கப்படும். மொத்தம் 48,000 ரூபாய். 2017க்கு முன்பு இது ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. தள்ளுவண்டி வியாபாரி, கறிக்கடைத் தொழிலாளி, தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் எனப் பலரும் இந்த வரம்புக்குள் வருவார்கள்.

அரசுப் பள்ளி, மாநகராட்சி உள்ளிட்ட உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் மட்டுமே எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கு 50 சதவீதம் போதும்.

தேர்வில் இரண்டு தாள்கள். மனத்திறன் தேர்வுக்கு 90 கேள்விகள், 90 நிமிடங்கள். படிப்பறிவுத் தேர்வுக்கும் அதே 90 கேள்விகள், 90 நிமிடங்கள். இந்த இரண்டாவது தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20 மதிப்பெண்கள். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம் எடுப்பது அடிப்படைத் தகுதி. ஆனால் 6,695 பேருக்குள் வர அது போதாது, போட்டி கடுமையானது.

நமக்கு ஏன் இப்போது முக்கியம்?

2022 நவம்பரில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. சிறுபான்மை மாணவர்களுக்கான பிரீ-மெட்ரிக் உதவித்தொகையை ஒன்றிய அரசு ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம்தானே என்பது அரசு சொன்ன காரணம். அடுத்த மாதமே மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. இவற்றை எதிர்த்து நாம் குரல் கொடுத்தது நியாயமானது. அந்தக் குரல் தொடரவும் வேண்டும்.

ஆனால் அதே நேரத்தில், இன்றும் திறந்திருக்கும் கதவுகளில் எத்தனை பேர் நுழைகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். என்எம்எம்எஸ் திட்டத்தில் அந்தந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டு விதி பின்பற்றப்பட வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உள்ளது. அந்த விகிதத்தில் 6,695ஐக் கணக்கிட்டால் சுமார் 234 இடங்கள். பொதுப் போட்டியில் மதிப்பெண் அடிப்படையில் பெறும் இடங்கள் இதற்கு மேல். மதுரை மாவட்டத்தின் மஹல்லாக்கள் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத் தங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'ஆல் பாஸ்' தரும் மயக்கம்

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் கட்டாயத் தேர்ச்சி முறையைத் தன் பள்ளிகளில் கைவிட்டது. தமிழ்நாடு அரசோ எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்ற முறை தொடரும் என்று அறிவித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இடையில் பள்ளியை விட்டு ஓடிவிடாமல் இருக்க இது தேவையான பாதுகாப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தேர்ச்சி உறுதி என்பதாலேயே மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை என்று நாம் புரிந்துகொண்டோம். ஏழாம் வகுப்பு அறிவியலில் பிள்ளை 38 மதிப்பெண் வாங்கினால் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர், ஜனவரியில் பள்ளியில் என்எம்எம்எஸ் விண்ணப்பம் வாங்கும்போதுதான் 55 சதவீத நிபந்தனை தெரிய வருகிறது. அப்போது திரும்பிப் போய் ஏழாம் வகுப்பை எழுத முடியாது.

அத்தோடு தேர்வுப் பாடத்திட்டமே ஏழாம் வகுப்பு முழுவதையும், எட்டாம் வகுப்பில் அரையாண்டு வரையிலான பாடங்களையும் அடிப்படையாகக் கொண்டது. ஆண்டு முடிந்ததும் பழைய புத்தகத்தை எடைக்குப் போடும் வீடுகளில், பாதித் தேர்வும் சேர்ந்தே எடைக்குப் போய்விடுகிறது. ஏழாம் வகுப்பின் மூன்று பருவ அறிவியல் புத்தகங்களையும் அடுத்த பிப்ரவரி வரை பத்திரமாக வைத்திருப்பது பணம் செலவில்லாத முதல் தயாரிப்பு.

அறிவியலில் 35க்கு 30 எடுக்க முடியுமா?

முடியும். மனத்திறன் தாளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும். அறிவியலுக்குப் பாடப்புத்தகமே போதும். படிக்கும் முறைதான் மாற வேண்டும்.

பள்ளித் தேர்வுக்கு நம் பிள்ளைகள் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே கேள்வி பாடத்தின் நடுவிலிருந்து, பெட்டிச் செய்தியிலிருந்து, படத்திலிருந்து வரலாம். நான்கு விடைகளும் சரி போலவே தோன்றும். நிறைக்கும் எடைக்கும், வேகத்துக்கும் திசைவேகத்துக்கும், வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிந்தவரே சரியானதை எடுப்பார்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அளவீட்டியல், வெப்பம், மின்னியல், ஒளியியல், பருப்பொருட்கள், அணு அமைப்பு போன்ற தலைப்புகள் ஏழாம் வகுப்பிலும் இருக்கின்றன, எட்டாம் வகுப்பிலும் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் நடக்கும்போதே ஏழாம் வகுப்பில் அதே தலைப்பில் உள்ள பாடத்தையும் எடுத்து வைத்துச் சேர்த்துப் படித்தால், வேலை பாதியாகக் குறையும். மறதியும் குறையும்.

இரண்டாவது, வீட்டில் நடப்பதோடு பாடத்தை இணைப்பது. பிரியாணி சாப்பிடும்போது வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை, சோப்பு போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்க்காத பிள்ளை நம்மில் இல்லை. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்பு காரத்தன்மை உடையது என்று அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதுரைக் கடைகளில் ஐஸ்கிரீம் உறைய வைக்க ஐஸ் கட்டியோடு உப்பைச் சேர்ப்பார்கள். உப்பு சேர்ந்தால் உறைநிலை குறையும் என்பது அங்கே கண்ணால் பார்க்கும் பாடம். ஐஸ் உருகுவது இயற்பியல் மாற்றம், பால் தயிராவது வேதியியல் மாற்றம்.

பிறை பார்ப்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. மாதம் சில நேரம் 29 நாளாகவும் சில நேரம் 30 நாளாகவும் முடிவது ஏன்? ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு ஏறத்தாழ இருபத்து ஒன்பதரை நாட்கள் ஆகின்றன. தலைப்பிறை சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் மேற்கு வானில் மட்டும் தெரிவது ஏன்? அப்போது வானில் நிலவு சூரியனுக்கு மிக அருகில் இருப்பதாகத் தெரிவதால். வளர்பிறை, தேய்பிறை பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லித்தராது.

ஒளியியல் பற்றிப் பேசினால் இப்னுல் ஹைதமின் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பதினோராம் நூற்றாண்டில் ஒளியைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவரை சென்றது உண்மை. ஆனால் நம் தெருப் பிள்ளை எட்டாம் வகுப்பு ஒளியியலில் மூன்று கேள்விகளுக்குத் தவறாக விடை எழுதிவிட்டு வரும்போது, அந்தப் பெருமையால் அவனுக்கு என்ன பயன்?

மஹல்லா என்ன செய்யலாம்?

பெரிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பள்ளிவாசலையொட்டிய மதரஸா அறையில், வாரத்தில் இரண்டு நாள், மாலை ஒரு மணி நேரம் போதும். ஜூலையில் தொடங்கி டிசம்பருக்குள் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் ஒரு சுற்று முடிக்கலாம். சொல்லித்தர, அதே மஹல்லாவில் பிஎஸ்சி படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். மாணவிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு உள்ளது. விடுமுறை நாளில் குழுவாக அழைத்துச் செல்லலாம்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் திரட்டி, கடைசி ஆறு வாரம் நேரம் வைத்து எழுத வைக்க வேண்டும். 90 நிமிடத்தில் 90 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பிப் பழகாத பிள்ளை, விடை தெரிந்தும் நேரத்தை இழக்கும். மதிப்பெண் குறைப்பு இல்லாததால் ஒரு கேள்வியைக்கூட விடாமல் எழுதச் சொல்ல வேண்டும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2025இல் தேர்வு பிப்ரவரி 22 அன்று நடந்தது. ரமழான் அதற்கு அடுத்த வாரம்தான் தொடங்கியது. வரும் ஆண்டுகளில் ரமழான் பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகர்ந்து வருகிறது. நோன்பும் இரவுத் தொழுகையும் உள்ள நாட்களில் புதிதாகப் படிக்கத் தொடங்குவது பிள்ளைகளுக்குச் சிரமம். எனவே படிப்பு அதற்கு முன்பே முடிந்து, அந்த வாரங்கள் திருப்புதலுக்கு மட்டும் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். வருமானச் சான்று, சாதிச் சான்று, மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க மஹல்லாவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தேர்வானால் மட்டும் பணம் தானாக வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரும்.

பெற்றோர் முன் இருக்கும் முடிவு

கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் நம்மில் அதிகம். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவோடு சில கதவுகள் மூடுகின்றன என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தனியார் பள்ளியில் படிப்பவர் என்எம்எம்எஸ் எழுத முடியாது. தேர்வாகிவிட்டு ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினாலும் உதவித்தொகை போய்விடும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இவர்களுக்குக் கிடைக்காது.

அரசுப் பள்ளியில் தொடர்பவருக்கு இந்த ஒரு தயாரிப்பு பல இடங்களில் பயன்படும். கிராமப்புற மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் நடக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எட்டாம் வகுப்புப் பாடத்தை அடிப்படையாகக் கொண்டது. மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் இதையும் எழுதலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் உண்டு. அதிலும் அறிவியல் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடிந்ததும், "கடைக்கு வந்தால் நாலு காசு கிடைக்குமே" என்ற பேச்சு வீட்டில் எழும். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு கடைச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் அந்தப் பேச்சு எழும்போது, "நான் படித்தே சம்பாதிக்கிறேன் அத்தா" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு அது துணிவைத் தரும். அந்த ஒரு வாக்கியம் அவனைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுசேர்க்கும்.

இந்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு, உங்கள் மஹல்லாவில் ஏழாம், எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருக்கிறது என்று கேளுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.