ஆறாத வாய்ப்புண்

கற்பிட்டிக் கடற்கரையில் வாழ்வோருக்குக் கொப்புளம் புதிதன்று. வலைக்கயிறு இழுத்த கையில் எழும் கொப்புளம் சில நாட்களில் தானே வற்றிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டு வெந்த வாயும் அவ்வாறே ஆறிவிடும். ஆறாத புண்ணைப் பற்றியே இன்று வாசகர்களுடன் பேச விரும்புகிறோம்.

வாயில் தோன்றிய புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. உறைப்புக் கறியைத் தொட முடியவில்லை. வீட்டார் உடற்சூடு என்று இளநீர் கொடுப்பர். விற்றமின் மாத்திரை வாங்குவர். பின்னர் மார்பிலும் முதுகிலும் தளர்ந்த கொப்புளங்கள் எழுந்து, எளிதில் உடைந்து தோலுரியும். இந்நோய்க்குப் 'பெம்பிகஸ்' என்று பெயர். இது தொற்றுநோயன்று, நோயாளியை ஒதுக்கி வைத்தல் தகாது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள்களே, தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்தைப் பகையெனக் கருதித் தாக்குகின்றன. பிணைப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது.

பெரும்பாலும் முதியோரைப் பற்றும் 'பெம்பிகாய்ட்' வேறு. அதில் அரிப்பு மிகும். கொப்புளம் விறைத்து நிற்கும். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1953-ல் வால்டர் லீவர் எடுத்துக் காட்டினார்.

கண்ணாற் கண்டு மட்டும் நோயைத் துணிதல் அரிது. வைத்தியர் புதிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டும், அதனருகே நலமாகத் தோன்றும் இடத்திலிருந்து மற்றொன்றும் எடுப்பார். முதலாவதைப் போர்மலினில் இட்டு நுண்ணோக்கியால் ஆராய்வர். இரண்டாவதைப் போர்மலினில் இடலாகாது. அதற்கு ஒளிரும் சாயமிட்டுப் பார்ப்பர். பெம்பிகஸ் எனின், ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் ஒளி படர்ந்து, விரித்த வலையின் கண்களைப் போலத் தெரியும். பெம்பிகாய்டில் மேற்றோலின் அடியில் ஒரே கோடாக ஒளிரும். பெம்பிகஸ் நோயாளரின் இரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள்கள் உண்டென்பதை 1964-ல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் ஆகியோர் வெளியிட்டனர். இன்று இரத்தப் பரிசோதனையும் துணை செய்கிறது.

1950-களில் ஸ்டீரொய்ட் மருந்துகள் வழக்கத்திற்கு வருமுன் பெம்பிகஸ் கண்டோரிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் மாண்டனர். இன்று அம்மருந்துகளாலும் ரிடக்சிமாப் முதலியவற்றாலும் நோயை அடக்கலாம். ஆயினும் அவற்றைத் தாமாகத் தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மூன்று கிழமையில் ஆறாத வாய்ப்புண்ணை எவரும் அசட்டை செய்யலாகாது. வெற்றிலை போடுவோருக்கு அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். புத்தளம் அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று, தோல் நோய் நிபுணரையோ வாய் நோய் நிபுணரையோ காண வழி கேளுங்கள். புண் எங்கே, எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து உட்கொண்டீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். நோயை விரைந்து அறிய அது வைத்தியருக்குப் பேருதவியாகும்.