சர்வர் அணைந்த பிறகு

"நடுராத்திரியில யாருகூடடா பேசிக்கிட்டிருக்க?" என்று அம்மா கதவோரம் நின்று கேட்ட இரவுகளில் என்னிடம் ஒழுங்கான பதில் இருந்ததில்லை. 2006-ம் ஆண்டு. சென்னையில் மணி பன்னிரண்டரை, ஐரோப்பாவில் எட்டு. குண்டு மானிட்டரில், காட்டுக்குள் இடிந்து கிடக்கும் ஒரு கோயில் வாசலில் இருபது பேர் ஆயுதங்களோடு நின்றிருந்தோம். அந்த இருபதில் ஒருவர் நிஜத்திலும் நர்ஸ். பகலெல்லாம் மருத்துவமனையில் ஓடிவிட்டு இரவில் எங்களுக்கு ஹீலராக வந்து நிற்பார். என் பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம், 350 மில்லிநொடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. அடி விழுந்த செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் அவர் என்னைக் காப்பாற்றி முடித்திருப்பார். மாதச் சந்தா அன்றைக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். வெளிநாட்டில் இருந்த சித்தப்பாவின் கார்டில் ஓடியது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

அந்தக் கேம் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் ஆளுக்கொரு வேடம் பூண்டு வாழும் வகை. இன்று தமிழில் 'ஆன்லைன் விளையாட்டு' என்று எழுதினால் வாசகர் மனம் நேராக ரம்மிக்குப் போய்விடுகிறது. 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றிய சட்டங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. அவை தேவைப்பட்டவைதான். ஆனால் அந்தப் பேச்சின் புழுதியில் இந்த இன்னொரு வகை நம் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. அது பிறந்து, செழித்து, பாதி செத்தும் போயிருக்கிறது. நாம் ஒரு இரங்கல் குறிப்புகூட எழுதவில்லை.

நாங்கள் காத்திருந்த அந்தக் கோயிலுக்கு சுல்குருப் என்று பெயர். நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, 2005 செப்டம்பரில், அங்கிருந்துதான் ஒரு கொள்ளைநோய் கிளம்பியது. கோயிலின் தெய்வமான ஹக்கார் சண்டையின்போது வீரர்கள்மீது ஒரு ரத்த நோயை ஏவும். அது கோயிலுக்குள்ளேயே முடிய வேண்டியது. ஆனால் வேட்டைக்காரர்கள் தங்கள் வளர்ப்பு விலங்கை நோயோடு மறைத்து வைத்து, ஊருக்குத் திரும்பி மறுபடி அழைத்தபோது நோயும் கூடவே வந்துவிட்டது. கடைக்காரர், காவலர் போன்ற கணினிப் பாத்திரங்கள் சாகாமலேயே நோயைப் பரப்பினார்கள். லெவல் குறைந்தவர்கள் தெருவில் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். சிலர் ஓடிப்போய்க் குணப்படுத்த முயன்றார்கள், சிலர் மலைப்பக்கம் ஒதுங்கினார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் புகுந்து பரப்பினார்கள். கடைசியில் கம்பெனி சர்வர்களை அணைத்து மறுபடி ஓட்டித்தான் நோயை ஒழிக்க முடிந்தது. எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கொரோனா வந்தபோது உலகம் அதைத் தேடிப்பிடித்து மறுபடி படித்தது.

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அன்று அங்கே செத்து விழுந்தவர்கள் மறுநாள் தங்கள் வலைப்பூக்களில் எழுதி வைத்ததால் தெரியும். மறுபடி ஓட்டப்பட்ட சர்வரில் அந்தப் பிணங்கள் இல்லை. இந்த உலகங்களைப் பற்றி நான் சொல்ல வந்ததன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சொந்தமாக நான் துக்கம் கொண்டாடுவது இன்னொரு கேமுக்காக: 'ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்'. 2003 ஜூனில் வந்தது. ராஃப் காஸ்டர் தலைமையில் வடிவமைத்தவர்கள் செய்த கிறுக்குத்தனம், சண்டை போடாதவர்களுக்கும் பிழைப்பு கொடுத்தது. நடனக்காரியாக இருக்கலாம், இசைக்கலைஞராக இருக்கலாம். போருக்குப் போய் வந்தவர்களுக்குக் களைப்பு ஏறும். அது எந்த மருந்துக்கும் இறங்காது. மதுக்கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தால்தான் இறங்கும். அதனால் படைவீரர்கள் சும்மா உட்கார வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் மனிதர்கள் பேசுவார்கள். நம்மூர் டீக்கடை பெஞ்சின் தத்துவத்தைக் கண்டுபிடித்து அதை விதியாகவே எழுதிவிட்டார்கள்.

உலோகமும் தோலும் அங்கே சில நாள் கிடைக்கும், பிறகு அந்தச் சரக்கு என்றென்றைக்கும் தீர்ந்துவிடும். அடுத்து வருவது வேறு தரம். நல்ல சரக்கு வந்தபோது வாங்கிப் பதுக்கியவர் ஆயுதச் சந்தையின் ராஜா. ஆட்டக்காரர்களே ஊர் அமைத்தார்கள், மேயர் தேர்தல் நடத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் பெயருக்குக் கீழே அதைச் செய்தவரின் பெயர் இருக்கும். பெயர் பெற்ற ஆசாரி வீட்டு நாற்காலி மாதிரி, அந்தப் பெயருக்கே விலை.

2005 நவம்பரில், புதிய விரிவாக்கத்தை விற்ற இரண்டு வாரத்துக்குள், முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். கூட்டம் போதவில்லை, போட்டிக் கேமில் கோடிக்கணக்கில் பணம் கொட்டுகிறது, ஆட்டத்தை எளிமையாக்கினால் புதியவர்கள் வருவார்கள் என்பது கணக்கு. விலங்கு பழக்குபவர் என்ற தொழிலே மறைந்தது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால், இரண்டு வருடமாகச் செய்துவந்த வேலை உலகத்திலேயே இல்லை. புதியவர்கள் வரவில்லை, பழையவர்கள் போனார்கள். 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்களை அணைத்தார்கள். மதுக்கடையில் கேட்ட கதைகளில் பத்தில் ஒன்றாவது இன்று படிக்கக் கிடைக்கிறதென்றால், அங்கே நடனமாடியவர்கள் ஆட்டம் முடிந்ததும் எழுதி வைத்ததால்தான். 2015-ல் காஸ்டரும் தன் தளத்தில், அந்த உலகம் எப்படிக் கட்டப்பட்டது, எங்கே இடறியது என்று வரிசையாக எழுதினார். கொத்தனாரே வந்து வீட்டின் கதை சொல்லும் பாக்கியம் எல்லா வீட்டுக்கும் கிடைப்பதில்லை.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' கதை இன்னும் விசித்திரம். 2012 ஆகஸ்ட் கடைசியில் மூடல் அறிவிப்பு வந்ததும் அதன் ரசிகர்கள் அட்லஸ் பார்க் என்ற நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடி, கையில் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். கம்பெனி அசையவில்லை. நவம்பர் 30-ல் மூடினார்கள். 2019-ல்தான் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வர் வெளியே தெரியவந்து, அதன் நிரல் பரவி, ரசிகர்களே உலகத்தை மறுபடி எழுப்பினார்கள். 2024 ஜனவரியில் அவர்களில் 'ஹோம்கமிங்' என்ற குழுவுக்கு, அதை மூடிய என்சிசாஃப்ட் நிறுவனமே முறைப்படி உரிமம் கொடுத்துவிட்டது. பதினோரு வருடம் முடியாது என்றது ஒரு கையெழுத்தில் முடிந்தது.

ஆனால் சாவி கிடைத்தால் உலகம் கிடைத்துவிடுமா? இந்த இடத்தில் என் சக ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மாட்ஸ் ஸ்டீன் என்ற நார்வே இளைஞரின் கதையைப் பலர் நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்பீர்கள். தசைகள் மெல்லமெல்லச் செயலிழக்கும் டூஷேன் நோய். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் நினைத்தார்கள். மாட்ஸ் ஒரு வலைப்பூ வைத்திருந்தார். அதன் கடவுச்சொல்லை விட்டுப் போயிருந்தார். அப்பா அதில் மரணச் செய்தியையும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. வார்கிராஃப்ட் உலகில் 'இபெலின்' என்ற பெயரில் மாட்ஸ் பலருடைய துக்கத்தைக் கேட்டவர், குடும்பச் சண்டையைத் தீர்த்தவர், ஒரு பெண்ணின் மனத்தில் இடம் பிடித்தவர் என்பது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சக்கர நாற்காலியில் இருப்பதை கில்டு எனும் ஆட்டக் குழுவின் நண்பர்களிடமும் அவர் நெடுங்காலம் சொல்லவில்லை. வலைப்பூவில் எழுதிய பிறகே அவர்களுக்கும் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒரே கதவு அந்த வலைப்பூ.

பெஞ்சமின் ரீ எடுத்து 2024-ல் வெளியான படம் அந்த வாழ்வை அனிமேஷனில் மறுபடி நடத்திக் காட்டுகிறது. எதை வைத்து? 40,000 பக்கங்களுக்கு மேற்பட்ட உரையாடல் பதிவை வைத்து. 'ஸ்டார்லைட்' என்ற அந்த கில்டு தங்கள் பேச்சையும் நடிப்பையும் எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. வார்கிராஃப்ட் உலகமான அஸெராத்தின் மலைகளும் மரங்களும் இன்றும் அதே சர்வரில் பத்திரமாக இருக்கின்றன; அவற்றில் மாட்ஸ் இல்லை. எழுத்தில் இருக்கிறார். இந்த வகை கேம்களின் மூதாதை, 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் செய்த 'மட்', படமே இல்லாத வெறும் எழுத்து உலகம் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். முப்பரிமாணமும் ஒளியும் பின்னால் வந்த அலங்காரம்.

எழுத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ரசிகர்கள் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். நாங்கள் எழுதியது நினைவுக் குறிப்பு மட்டுமில்லை. எந்த அரக்கன் எத்தனை நொடிக்கொருமுறை தீ கக்குவான், எந்த வாளுக்கு எவ்வளவு பலன் என்று தசமப் புள்ளி வரை கணக்கிட்டு எழுதினோம். 2019 ஆகஸ்டில் பழைய வார்கிராஃப்டை 'கிளாசிக்' என்று அப்படியே திரும்பக் கொண்டுவந்தபோது இதன் விளைவு தெரிந்தது. முதல் பிறவியில் ராக்னரோஸ் என்ற தீ அரசனை வீழ்த்த ஏறத்தாழ ஐந்து மாதம் ஆனது. மறுபிறவியில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். உலகம் அதேதான், வந்தவர்கள் விடைத்தாளோடு வந்திருந்தார்கள். நானும் ஆவலோடு போனேன். வழி தவறி எல்வின் காட்டில் சுற்றலாம் என்று பார்த்தால், என் கால்களுக்கு எல்லா வழியும் தெரிந்திருந்தது. அந்த வழிகளில் சிலவற்றை எழுதி ஊருக்குச் சொன்னவன் நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

ஆக, நிரலைக் காப்பாற்றினால் கட்டடம் மிஞ்சும். பழைய குடிகளோ அவர்களுடைய அறியாமையோ திரும்பாது. 2018-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு விலக்கு கொடுத்தது: கைவிடப்பட்ட ஆன்லைன் கேமின் சர்வர் நிரல் சட்டப்படி கையில் இருந்தால் ஓடவிடலாம், ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும். கண்டம் விட்டுக் கண்டம் ஆட்கள் சேர்வதற்கென்றே பிறந்த ஒன்றை ஒரு அறைக்குள் ஓடவிடுவது, தேரை ஷெட்டுக்குள் உருட்டிப் பார்ப்பது போல. 2024 மார்ச்சில் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை யுபிசாஃப்ட் அணைத்தபின் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், விற்ற கேமை ஆட முடியாததாக்கிவிட்டுப் போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் முறையிட்டு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அதை நான் ஆதரிக்கிறேன். காசு வாங்கியவர் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது சந்தை தர்மம்.

ஆனால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் சர்வரைக் கேட்க மாட்டேன், பேச்சைக் கேட்பேன். 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளிக் கேமின் உலகத்தில் 2014 ஜனவரியில் ஒரு கட்டணத்தைக் கட்டத் தவறியதால் மூண்டு, 21 மணி நேரம் நடந்து, 75 ராட்சதக் கப்பல்களைத் தின்ற போரின் சிதிலங்களை, அதை நடத்தும் ஐஸ்லாந்து கம்பெனி நினைவுச்சின்னமாக விண்வெளியிலேயே விட்டு வைத்திருக்கிறது. அழகான காரியம். ஆனால் அந்த உலகத்தின் போர்களை ஆண்ட்ரூ க்ரோன் சரித்திரப் புத்தகங்களாக எழுத முடிந்தது, தளபதிகள் வாய்திறந்து பேசியதாலும், பழைய பதிவுகள் கிடைத்ததாலும்தான். உடைந்த கப்பல் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று சொல்லாது.

இன்றைக்கு அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்று பார்த்தால் பயமாக இருக்கிறது. 2013 ஜூலையில், வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடர் மூடப்பட்டதும் வலைப்பூ வாசிக்கும் பழக்கமே ஒடிந்தது. 2015 பிப்ரவரியில் வார்கிராஃப்ட் பற்றி எழுதிவந்த 'வாவ் இன்சைடர்' தளம் போனது. அதன் எழுத்தாளர்கள் வேறு பெயரில் மறுபடி கடை போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி வந்தது. இப்போது கில்டுகள் எல்லாம் அங்கேதான். அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது, தேடுபொறியில் வராது, நிர்வாகி கோபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து வருடப் பேச்சு போச்சு. பாதிப் பேச்சு குரலில் நடக்கிறது. அது காற்றோடு சரி. தனிமனித அந்தரங்கம் என்ற நியாயமான எதிர்வாதம் உண்டு. மாட்ஸின் பதிவுகள் வெளிவந்தது குடும்பமும் நண்பர்களும் சம்மதித்ததால். எல்லா கில்டின் அரட்டையையும் அள்ளிக் காட்சிக்கு வைக்கச் சொல்லவில்லை. தன் பேச்சைத் தானே எடுத்துப்போக ஆட்டக்காரருக்கு ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதச் சந்தா ரசீதை எடுத்துக்கொடுக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு இதுவா முடியாது?

என் பழைய வலைப்பூ இன்னும் இருக்கிறது. படங்கள் வைத்திருந்த தளம் போய்விட்டதால் சுல்குருப் இருந்த இடங்களிலெல்லாம் சாம்பல் கட்டங்கள். பின்னூட்டங்கள் இருக்கின்றன. நான் செத்ததைக் கிண்டலடித்து ஹீலர் எழுதிய இரண்டு வரி இருக்கிறது. அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. 2008 மார்ச்சில் எழுதிய கடைசிப் பதிவு, அன்றிரவு குகைக்குள் நாங்கள் ஐந்து பேர் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டதைப் பற்றியது. தூக்கம் வந்திருக்க வேண்டும். "மீதியை நாளை எழுதுகிறேன்" என்று முடித்திருக்கிறேன். எப்படி வெளியே வந்தோம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.