வினாவுக்குள் ஒரு வினா

நேர்முகத் தேர்வுக்குச் சென்னை சென்ற நம்மூர் நெல்லிக்குப்பத்து மாணவர் ஒருவர், "கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி ஆபீஸ்?" என்று வினவினாராம். அருகிலிருந்தோர் சிரிக்கவே, அன்று முழுவதும் அவருக்கு நா எழவில்லை.

பிழை அவரது அறிவில் இல்லை. தாய்மொழிப் பழக்கத்தில் உள்ளது. "அலுவலகம் எங்கே இருக்கிறது?" என்னும் வினா, "என்று சொல்வீர்களா" சேர்ந்தாலும் தமிழில் உருமாறுவதில்லை. ஆங்கிலத்திலோ, உள்ளடங்கிய வினாவில் எழுவாய் முந்தும். வினை பிந்தும்: "வேர் தி ஆபீஸ் இஸ்". 'டூ, டஸ், டிட்' என்பனவும் நீங்கும்: "வேர் டஸ் ஹி லிவ்?" என்பது, "டு யூ நோ வேர் ஹி லிவ்ஸ்?" என்றாகும். 'எக்ஸாக்ட்லி' சேர்ப்பதாயின் 'வேர்' என்பதற்குச் சற்று முன் வைக்கலாம்.

பெற்றோர்களே! நாளொரு வினாவை இவ்வாறு மாற்றிச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பிழைத்தால் திருத்துங்கள், சிரித்துவிடாதீர்கள்.