கதவின் குற்றம்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக் காரியாலயக் கதவு பியூனுடைய விரலை நசுக்கிவிட்டது. இரு கைகளிலும் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவர், சரிந்த கட்டைத் தாங்குவதற்காகக் கதவு நிலையைப் பற்றினார். கதவு படீரென்று சாத்திக்கொண்டது, நகம் பெயர்ந்தது. "பார்த்து வரக்கூடாதா?" என்று நாங்கள் எல்லோரும் அவருக்கு உபதேசம் செய்தோம். அவர் ஈரத்துணி சுற்றிய விரலைப் பிடித்தபடி பேசாமல் நின்றார்.

பிறகுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். கதவின் உச்சியில் இருக்கும் மூடு கருவியிலிருந்து எண்ணெய் கசிந்து, பலகையில் கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. அது ஒருநாளில் உண்டான கோடல்ல.

அக்கருவியின் சூட்சுமம் எளியது. கதவைத் திறக்கையில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. விட்டதும் கதவை இழுத்து மூடுகிறது. அந்த வேகத்தை அடக்குவது, சிறு துவாரத்தின் வழியே மெல்ல நகரும் எண்ணெய்தான். துவாரத்தைக் குறுக்கவும் அகலப்படுத்தவும் திருகாணிகள் உண்டு. பெரும்பாலும் ஒன்று கதவு வரும் வேகத்துக்கு. மற்றொன்று கடைசிச் சில அங்குலங்களுக்கு. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாலே வித்தியாசம் தெரியும். முழுவதும் கழற்றலாகாது, எண்ணெய் பீறிடும். எண்ணெய் ஒழுகிப்போன கருவியை மாற்றத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் ஊனமுற்றோர் வசதிக்காக 2010-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, 90 பாகையில் திறந்த கதவு 12 பாகைக்கு வருவதற்கு 5 விநாடியாவது ஆகவேண்டும். கடிகாரமும் கையுமாக நின்று உங்கள் காரியாலயக் கதவையும் சோதித்துப் பாருங்கள்.

கைப்பிடி நிலையை ஒட்டியிருந்தால் விரல் முட்டி உராயும். சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால் அத்தொல்லை தீரும். கீல் பக்கத்து இடுக்கு இன்னும் கொடியது. கீலிலிருந்து 33 அங்குலத்தில் உள்ள கைப்பிடியில் நாம் கொடுக்கும் பலம், கீலுக்கு 1 அங்குலத்தில் ஏறக்குறைய 33 மடங்காகிவிடுகிறது. குழந்தைகள் நடமாடும் இடங்களில் அந்த இடுக்கைப் பட்டை வைத்து மறைப்பது அவசியம்.

புதுக் கருவி பொருத்திய அன்று பியூனிடம், "உம்மேல் தப்பில்லை, ஐயா; கதவின்மேல்தான் தப்பு" என்றேன்.

"எண்ணெய் ஒழுகுதுன்னு பொங்கலுக்கு முன்னாடியே சொன்னேனே, ஸார்!" என்றார்.

என்னிடந்தான் சொல்லியிருந்தார்.